மொஸ்காத்தியின் ஆய்வகத்தையும் திறந்து காட்டுங்கள்

மறையுரை ஆற்றும் அருள்தந்தையர்களுக்கும், பங்கு மடல்களிலும் மாத இதழ்களிலும் புனிதர் வரலாறு எழுதும் அன்பர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்.

நவம்பர் 16 நெருங்கினால் உங்களில் சிலராவது புனித ஜுசெப்பே மொஸ்காத்தியைப் பற்றிப் பேசுகிறீர்கள், எழுதுகிறீர்கள். குருவும் அல்லாத, துறவியும் அல்லாத ஒரு மருத்துவரை நினைவுகூர்வதற்கு நன்றி. ஆனால் நீங்கள் சொல்லும் மொஸ்காத்தி எனக்குப் பாதி மனிதராகவே தெரிகிறார். ஏழைகளிடம் காசு வாங்கவில்லை, நாள்தோறும் திருப்பலிக்குப் போனார், மணமுடிக்கவில்லை, இறந்தபின் புதுமைகள் நடந்தன, கதை முடிந்துவிடுகிறது. அவர் எப்படிப்பட்ட மருத்துவர் என்ற பேச்சே வருவதில்லை. நான் மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தமும் சிறுநீரும் சோதித்தே ஓய்வுபெற்றவன். என் கண்ணுக்கு விடுபட்ட பாதிதான் பெரிதாகத் தெரிகிறது.

காசு விஷயத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். நேப்பிள்ஸ் நகரில் சிஸ்தெர்னா தெல் ஒலியோ தெருவில் தமக்கை நீனாவோடு அவர் வாழ்ந்த வீட்டில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒரு கூடை இருந்தது. இருப்பவர் போடலாம், இல்லாதவர் எடுத்துக்கொள்ளலாம். மிகவும் வறியவர் வந்தால் மருந்துச் சீட்டுக்குள் பணத்தாளை மடித்து வைத்துக் கொடுத்தனுப்பினார் என்றும் அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதை நீங்கள் ஒருமுறையும் சொல்லாமல் விட்டதில்லை, விடவும் கூடாது. எனக்குள்ள கேள்வி வேறு. அந்தச் சீட்டில் அவர் என்ன எழுதியிருந்தார்? மருந்து தவறாக இருந்திருந்தால் உள்ளே மடித்து வைத்த பணம் எதற்கு ஆகும்? பணக்காரனுக்கு ஒரு மருத்துவர் சொன்னது சரிப்படவில்லை என்றால் இன்னொருவர் வீட்டுக்கு வண்டி போகும். ஏழை ஒருவரிடம்தான் வருவார், அதுவும் கடைசிக் கட்டத்தில். அந்த ஒருவருக்கு நோய் பிடிபட்டாக வேண்டும். மொஸ்காத்திக்குப் பிடிபட்டது. ஏழைகளுக்கு அவர் கொடுத்த பெரிய தருமம் அதுதான் என்பது என் எண்ணம்.

அது அருள்வரமாக வானத்திலிருந்து இறங்கவில்லை. 1880இல் பெனவெந்தோவில் ஒரு நீதிபதியின் ஒன்பது பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தவர். இராணுவப் பணியில் குதிரையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு வலிப்பு கண்ட அண்ணன் அல்பெர்த்தோவின் படுக்கையருகே வளர்ந்தவர். 1903இல் பட்டம் பெற எழுதிய ஆய்வேடு, கல்லீரலில் யூரியா எப்படி உண்டாகிறது என்பதைப் பற்றியது. 1911இல் உடலியங்கு வேதியியலில் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் தகுதி பெற்றார். அதே ஆண்டு நேப்பிள்ஸில் காலரா பரவியபோது, நோயின் மூலத்தைக் கண்டறியும் ஆய்வகப் பணிக்கு அவரை அழைத்தார்கள். நகரைச் சுகாதாரமாக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று அறிக்கையும் கொடுத்தார். காலரா யாருடைய தெருவில் முதலில் நுழையும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அறிக்கையையும் ஏழைகளுக்கு அவர் செய்த தொண்டுகளின் வரிசையில் நீங்கள் சேர்த்திருக்க வேண்டும்.

வெசூவியஸ் கதையை நன்றாகவே சொல்கிறீர்கள். 1906 ஏப்ரலில் எரிமலை சாம்பலைக் கொட்டியபோது, தோர்ரே தெல் கிரேகோவில் இருந்த மருத்துவமனையின் முதியவர்களையும் முடங்கிப்போனவர்களையும் வெளியே கொண்டுவரச் செய்தார். எல்லாரும் வெளியேறிய சற்று நேரத்தில் கூரை இடிந்தது. மேடைக்கு ஏற்ற கதை. எனக்குப் பிடித்தது அதன் பின்பகுதி. உடன் உழைத்தவர்களுக்குப் பாராட்டு கேட்டு மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில், தன் பெயரை மட்டும் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

நீங்கள் அறவே தொடாத இடத்துக்கு வருகிறேன். 1914 நவம்பரில் அவருடைய தாய் ரோசா நீரிழிவால் இறந்தார். அன்று உலகில் எந்த மருத்துவரிடமும் அதற்கு மருந்து கிடையாது. பட்டினிக்கு ஒப்பான பத்தியம்தான். 1921இல் டொரொண்டோவில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டு, 1922 ஜனவரியில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. நேப்பிள்ஸில் அதை முதலில் பயன்படுத்தியவர்களுள் ஒருவர் மொஸ்காத்தி. சக மருத்துவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். தாய்க்குக் கிடைக்காத மருந்து, சில ஆண்டுகள் கழித்து மகனின் கையால் யார் யாருக்கோ போய்ச் சேர்ந்தது. இதைவிடப் பெரிய மறையுரைப் பொருள் வேண்டுமா, தந்தையரே?

இன்சுலினை இரக்கத்தால் மட்டும் அளந்து போட முடியாது. கூடினால் நோயாளி மயங்கி விழுவார், குறைந்தால் பயனில்லை. சிறுநீரைத் திரும்பத் திரும்பச் சோதித்தாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் ஏறத்தாழ அந்த முறைதான். சோதனைக் குழாயில், சர்க்கரை இருந்தால் நிறம் மாறிக் காட்டும் நீலநிறப் பெனடிக்ட் கரைசல் ஐந்து மில்லி, அதில் எட்டுச் சொட்டு சிறுநீர். ஸ்பிரிட் விளக்கின் மேல் சாய்த்துப் பிடித்துக் காய்ச்ச வேண்டும். குழாயின் வாய் நம் முகத்துக்கு நேரே இருந்தால் கொதித்துத் தெறித்துவிடும். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறத்தில் வண்டல் படிந்தால் வார்டுக்கு ஆள் ஓடும். நாற்றமும் சூடும் நிறைந்த வேலை. உடல் சர்க்கரையைச் சேமித்து வைக்கும் வடிவமான கிளைக்கோஜன் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதிய மொஸ்காத்திக்கு இந்த நாற்றம் நன்றாகவே தெரிந்திருக்கும். உங்கள் சுரூபத்திலும் படத்திலும் மட்டும் அவர் சலவை மடிப்புக் கலையாத வெள்ளை அங்கியோடு நிற்கிறார்.

பிணவறையையும் நீங்கள் சொல்வதில்லை. 'குணமாகாதோர் மருத்துவமனை' என்று பெயர்கொண்ட இன்குராபிலியில் அவர் பிணக்கூறு ஆய்வும் செய்தார். தான் கணித்த நோய் சரியா என்று இறந்தவரின் உடலே காட்டிக்கொடுக்கும் இடம் அது. அந்த அறைச் சுவரில் ஒரு சிலுவையை மாட்டி, கீழே ஓசேயா நூலின் வரியைப் பொறித்தார்: சாவே, உனக்கு நானே சாவாவேன். கத்தியும் சிலுவையும் ஒரே அறையில் இருந்தன. கூடையைச் சொல்லும் மூச்சில் இதையும் சொன்னால் குழந்தைகள் பயந்துவிடமாட்டார்கள்.

1921 கோடையில் உலகப் புகழ்பெற்ற பாடகர் என்ரிகோ கருசோ சாகக் கிடந்தபோது அவரைப் பார்க்க அழைக்கப்பட்டவர்களுள் மொஸ்காத்தியும் ஒருவர். உதரவிதானத்துக்குக் கீழே சீழ் கட்டியிருப்பதாகக் கணித்தார் என்பார்கள். காலம் கடந்துவிட்டது, கருசோ பிழைக்கவில்லை. கருசோவின் விலாவைத் தட்டிப் பார்த்த அதே விரல்கள்தான் இன்குராபிலி வார்டில் பெயர் தெரியாத கூலியாளின் விலாவையும் தட்டின. பேராசிரியர் பதவிக்கான வாய்ப்பு இருந்தும் அதைத் துரத்தாமல் மருத்துவமனையிலேயே தங்கினார் என்பதையும் இதனோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இது நேப்பிள்ஸ்காரர் ஒருவரின் தனிக் குணம் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2025 அக்டோபர் 19 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக அறிவித்த வெனிசுவேலா மருத்துவர் ஹோசே கிரெகோரியோ எர்னாந்தெசைப் பாருங்கள். 1919இல் மருந்து வாங்கிக்கொண்டு ஓர் ஏழை மூதாட்டியைப் பார்க்கப் போன வழியில் கார் மோதி இறந்தார் என்று எல்லாரும் எழுதினீர்கள். பாரிஸில் உடலியங்கியலும் நுண்ணுயிரியலும் கற்று, 1891இல் நுண்நோக்கி உள்ளிட்ட ஆய்வகக் கருவிகளோடு காராகஸ் திரும்பி, அங்கே அந்தப் பாடங்களைத் தொடங்கிவைத்தவர் அவர் என்பது என் கண்ணில் பட்ட எந்தக் கட்டுரையிலும் ஒரு வரிக்கு மேல் இல்லை.

உங்களில் சிலர் மொஸ்காத்தியின் வாக்கியம் ஒன்றையே எனக்கு எதிராக நீட்டக்கூடும்: உலகை மாற்றியது அறிவியல் அன்று, அன்புதான் என்ற பொருளில் அவர் எழுதியது. எழுதினார், மறுக்கவில்லை. அதை எழுதிய கை அறிவியலில் பழுத்த கை. உயிர்வேதியியலின் ஒரு பக்கத்தையும் புரட்டாத நாம் அதே வாக்கியத்தைச் சொல்லும்போது அது வெறும் சாக்காகிவிடுகிறது.

புதுமைகளைப் பற்றியும் ஒரு சொல். 1987 அக்டோபர் 25 அன்று இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக அறிவிக்கக் காரணமான புதுமை, இரத்தப் புற்றுநோய் கண்ட ஓர் இளைஞர் குணமடைந்தது. அது புற்றுநோய்தான் என்று யார் சொன்னது? கண்ணாடிச் சில்லில் இரத்தத் துளியைத் தேய்த்துச் சாயமேற்றி, நுண்நோக்கியில் குனிந்து பார்த்த யாரோ ஒருவர். நோய் போய்விட்டது என்பதற்கும் அப்படி ஒருவரின் அறிக்கை வேண்டியிருந்தது. உரோமையின் மருத்துவர் குழு அந்த அறிக்கைகளைப் புரட்டிப் பார்க்காமல் எதையும் புதுமை என்று ஏற்பதில்லை. எங்கள் ஆட்கள் இல்லாமல் உங்களுக்குப் புதுமையும் இல்லை என்று சொன்னால் கொஞ்சம் திமிராகப் படும், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

1927 ஏப்ரல் 12, புனித வாரச் செவ்வாய். காலையில் நற்கருணை வாங்கி, வார்டு சுற்றி, வீட்டுக்கு வந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பிற்பகலில் உடல் சரியில்லை என்று நாற்காலியில் சாய்ந்தார். அப்படியே இறந்தார், வயது 46. அஞ்சலிப் புத்தகத்தில் ஒருவர், ஏழை நோயாளிகள் எல்லாவற்றையும் இழந்துவிட்டார்கள் என்று எழுதிவைத்தார். நேப்பிள்ஸில் இரக்கமுள்ள மனிதர்களுக்கு அப்போதும் பஞ்சம் இருந்திருக்காது. அந்த எழுத்தின் கனம், போனவர் எப்பேர்ப்பட்ட மருத்துவர் என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

கேட்பது அதிகமில்லை. இந்த ஆண்டு கூடைக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியை இன்சுலினுக்குக் கொடுங்கள். நோயுற்றோர் நாளில் மருத்துவர்களையும் செவிலியரையும் பீடத்தருகே அழைத்து ஆசீர் வழங்கும்போது, ஆய்வகத்திலும் எக்ஸ்ரே அறையிலும் இருப்பவர்களையும் கூப்பிடுங்கள். எங்களுக்கும் முழந்தாளிடத் தெரியும். மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு நுண்நோக்கியில் ஒரு துளி இரத்தத்தைக் காட்ட விரும்பும் பங்கு எதுவானாலும் சொல்லியனுப்புங்கள். என்னிடம் பழையது ஒன்று இருக்கிறது, வில்லைகள் இன்னும் தெளிவு. மாலை நேரமென்றால் வெளிச்சத்துக்கு ஒரு மேசை விளக்கு மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர் ஒருவர்