உறவினருக்கு வாடகைக்கு விட்டால்: எழுதி வையுங்கள்

ஆசிரியருக்கு,

ஊட்டி, குன்னூர் பக்கம் கீழ்ப் போர்ஷனைத் தம்பிக்கோ மகளுக்கோ வாடகைக்கு விடுபவர்கள் 'நம்ம ஆளுதானே' என்று எதையும் எழுதிக்கொள்வதில்லை. 2019 பிப்ரவரியில் அமலான தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். வாடகை வங்கி வழியாகவே வரட்டும். அதை வருமானமாகக் காட்டும்போது பராமரிப்புக்கென 30 சதவீதம் கழியும்.

மனக்கசப்பு பெரும்பாலும் கரண்ட் பில்லில்தான் தொடங்குகிறது. 2,000 வாட் கீசர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். சப்-மீட்டர் பொருத்தி, ரீடிங் எடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து பார்த்துக் குறியுங்கள். கீசருக்கு 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டும் எர்த்தும் கட்டாயம். 6 ஆம்பியரில் மாட்டினால் பிளக் சூடேறி உருகும்.

மலைச்சரிவை ஒட்டிய பின்சுவரில் ஓதம் ஏறினால், பெயின்ட் அடித்து மறைக்காமல் வெளியே வடிகாலைச் சரிசெய்யுங்கள். குளிருக்கு மூடிய அறையில் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது; தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். உறவினரிடம் இதை வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேருங்கள்.

– வாசகர், குன்னூர்