2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களே, வீட்டுத் திண்ணையிலிருந்தே ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருக்கும் அங்கத்தவர்களே,

அனைவருக்கும் வணக்கம். நம் தேயிலைத் தோட்டத்தில் தைப்பொங்கல், காமன் கூத்து, ஆடிப்பூசை, சிறுவர் விளையாட்டுப் போட்டி ஆகியன வழமைபோல் நடந்தேறின. வாசகசாலைக் கூரைத் தகரம் மாற்றப்பட்டது. மரண உதவிப் பணம் உரிய குடும்பங்களுக்குத் தாமதமின்றி வழங்கப்பட்டது. சிரமதானத்துக்கு வந்தவர்களைவிடத் தேநீருக்கு வந்தவர்களே அதிகம் என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னார்கள், எழுதியிருக்கிறேன்.

இனி, என்னைப் பற்றிப் பேசப்படும் விடயத்துக்கு, அதாவது மியன்மார் உண்டியலுக்கும் வீட்டுப் பதிவேட்டுக்கும், வருகிறேன். கடந்த மார்ச் 28ஆம் திகதி நண்பகல் மியன்மாரில் 7.7 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. மண்டலே, சகாயிங் நகரங்கள் நொறுங்கின. நோன்பு மாதத்து வெள்ளிக்கிழமை என்பதால் தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள்மீது பள்ளிவாசல்கள் இடிந்து விழுந்தன. மூவாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். இதற்காக வாசகசாலையில் உண்டியல் வைத்தபோது, "நம் லயத்துக் கூரை ஒழுகும்போது மியன்மாருக்கு எதற்குக் காசு?" என்று கேட்டவர்கள் உண்டு. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு வந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போனபோது நமக்கு அரிசியும் உடுப்பும் அனுப்பியவர்கள் முகவரி பார்த்து அனுப்பவில்லை. சேர்ந்த தொகை சிறியது. உரிய இடத்தில் ஒப்படைக்கப்பட்டது. பற்றுச்சீட்டு கோப்பில் இருக்கிறது.

அந்தச் செய்திகளைப் படித்த பின்னர்தான் வீட்டுப் பதிவேட்டு வேலையைத் தொடங்கினேன். மண்டலேயில் இயந்திரங்கள் வந்து சேரும்வரை மக்கள் வெறுங்கையால் கொங்கிரீட்டைப் புரட்டினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் மீட்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, உள்ளே எத்தனை பேர் என்பதுதான். மீரியபெத்தையில் அந்தக் கேள்விக்கு முந்நூறு, இருநூறு, நூறு என்று ஆளுக்கொரு பதில் சொல்லப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆகவே லயத்து அறைகளில் எந்தக் காம்பராவில் யார் உறங்குகிறார், யார் கொழும்பில் வேலை, யாரைத் தூக்கிக்கொண்டுதான் வெளியேற வேண்டும் என்று லயம் லயமாக ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதினேன். தேர்தலுக்காக எழுதுகிறார் என்றார்கள். சந்தா பிடிக்க எழுதுகிறார் என்றார்கள். "மலைநாட்டில் எங்கே ஐயா நிலநடுக்கம்?" என்று சிரித்தார்கள். 2020இல் கண்டி மாவட்டத்துத் திகனைப் பக்கம் நிலம் அதிர்ந்ததைச் சொன்னேன், அதற்கும் சிரித்தார்கள். கீழ்ப்பிரிவுக் கடைசி லயத்தார் ஒரு பெயர்கூடத் தரவில்லை. வெளியேறும் ஒத்திகைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பாடசாலைப் பிள்ளைகள்.

நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்த அனர்த்தத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது மண்சரிவு எச்சரிக்கையின் சிவப்புக் கட்டம். நமது மழைமானி அதற்கும் மேலே காட்டியது. தொலைபேசி செத்துவிட்டது. காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுத் தப்பை அடித்துத்தான் ஆட்களைப் பாடசாலைக்கு அழைத்தோம். பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் கொப்பியைப் பிரித்துப் பெயர் வாசித்தபோது மேற்பிரிவுப் பாட்டி ஒருவர் குறைந்தார். பெயருக்கு எதிரே, "இரவில் மகள் வீடு, நான்காம் லயம்" என்று எழுதியிருந்தது. இரண்டு இளைஞர்கள் நேரே அங்கே போய், கம்பளியோடு தூக்கி வந்தார்கள்.

கடைசி லயத்தின் கோடிக் காம்பராக்கள் இரண்டும் நள்ளிரவில் மூடிப்போயின. அங்கே ஒருவரைக் காணவில்லை என்று அழுகுரல் எழுந்தது. பெயரும் இல்லை, விவரமும் இல்லை. விடிய விடியக் கொட்டும் மழையில் பிள்ளைகள் மண்வெட்டியும் தேயிலைக் கூடையுமாகச் சேற்றை அள்ளினார்கள். மேலே சரிவில் இன்னும் மண் தொங்கிக்கொண்டிருந்தது. மியன்மாரில் முதல் அதிர்வு ஓய்ந்த சில நிமிடங்களிலேயே அடுத்த பலத்த அதிர்வு வந்ததைச் சொல்லிச் சொல்லித்தான் விடியும் முன் அவர்களை அங்கிருந்து வெளியேற்றினேன். அதன் பின்னர் மீதி மண்ணும் இறங்கியது. நாம் தேடியவர் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கடையில் பத்திரமாக இருந்தார். அவர் வேலைக்குத் திரும்பியது பக்கத்துக் காம்பராவுக்கே தெரியாதாம். அவர் உயிரோடிருப்பதில் எனக்கும் மகிழ்ச்சியே.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மொத்தத்தில் பெரிய குறையில்லை. கயிறு, ரோச் லைற், ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கான செலவை ஆடி மாதக் கூட்டத்தில் ஆட்சேபித்தவர்கள் நவம்பரில் அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் ஓடையைக் கடந்தார்கள் என்பது குறிப்புக்காக மட்டும். சந்தா நிலுவை, கொடுத்தவர் எண்ணிக்கையைவிடப் பெரியது. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. விளம்பரப் பலகையில் இருக்கிறது.

பாடசாலையைத் திறந்துவிட்ட அதிபருக்கும், சமைத்த மாதர் சங்கத்தினருக்கும், கிராம உத்தியோகத்தருக்கும், ஆலய பரிபாலன சபையினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பதவிக்கு இளையவர் ஒருவர் முன்வந்தால் கொப்பியையும் திறப்பையும் இன்றே ஒப்படைக்கத் தயார். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன், எவரும் கை தூக்கவில்லை. இடப்பெயர்வுகள், பிறப்புகள், கொழும்புக்குப் போனவர்கள் என்று பதிவேட்டைத் திருத்த வேண்டியிருக்கிறது. வரும் ஞாயிறு காலை கடைசி லயத்திலிருந்து தொடங்குகிறேன். வரும்போது சந்தாப் புத்தகமும் கையிலிருக்கும்.

செயலாளர்