ஒரு நில வழக்கும் ஒரு தாயும்

அன்புள்ள சிவா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அந்த பிளாட்டின் மாடிப்படிகளை இன்னும் நீ தினமும் ஏறி இறங்குகிறாய் என்பதை நினைத்தால் கவலையாக இருக்கிறது. இங்கே எல்லாரும் நலம். சட்டம் படிக்கும் பேத்தி விடுமுறைக்குப் பினாங்கு வந்திருக்கிறாள், வந்த நாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை, எல்லாம் தீர்ப்பு நகல்கள்.

போன சனிக்கிழமை ராத்திரி அவளோடு உட்கார்ந்து நம் மலேசியாவின் இந்திரா காந்தி வழக்கின் தீர்ப்பைப் படித்தேன். ஈப்போவில் பாலர் பள்ளி ஆசிரியை, உனக்கு நினைவிருக்கும். 2009-இல் கணவர் இஸ்லாத்துக்கு மாறி, மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமலே மாற்றிவிட்டார். கடைசிக் குழந்தைக்கு அப்போது பதினோரு மாதம். நாம் பேப்பரில் படித்து மனம் நொந்ததோடு சரி.

பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் மதத்தைப் பெற்றோர் தீர்மானிப்பார் என்கிறது அரசியலமைப்பின் 12(4) பிரிவு. ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஒருமையில் இருக்கிறது, அதனால் ஒருவர் சம்மதமே போதும் என்று வாதம். பேத்தி பின்பக்கம் புரட்டி, ஒருமைச் சொல் பன்மையையும் குறிக்கும் என்ற பதினோராம் அட்டவணை வரியில் விரலை வைத்துக் காட்டினாள். தாய், தந்தை இருவருமே சம்மதிக்க வேண்டும் என்று 2018 ஜனவரி 29-இல், நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

ஆனால் சிவா, என்னைத் தூங்கவிடாதது அதற்கு முந்திய கேள்விதான். இது இஸ்லாமியச் சட்டப்படி முஸ்லிம்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் ஷரியா நீதிமன்றத்தின் விஷயம், சிவில் நீதிமன்றம் தலையிட முடியாது என்று 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மையாகச் சொல்லியிருந்தது. இந்துவான அந்த அம்மா ஷரியா நீதிமன்றத்துக்கும் போக முடியாது. அப்படியானால் எந்தக் கதவைத்தான் தட்டுவது?

1988-இல், நாட்டின் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்ட அதே வருஷம், அரசியலமைப்பின் 121(1) பிரிவைத் திருத்தினார்கள். நீதி அதிகாரம் உயர் நீதிமன்றங்களிடம் என்றிருந்த சொற்களை எடுத்துவிட்டு, நாடாளுமன்றச் சட்டம் கொடுக்கும் அதிகாரம் மட்டும் என்று எழுதினார்கள். நாம் வேலைக்குச் சேர்ந்த புதிது, நமக்கு அது புரியவே இல்லை. அதைச் சரிசெய்தது 2017-இன் செமினி ஜெயா வழக்கு, அதுவோ நில இழப்பீடு பற்றியது! நிலத்தின் மதிப்பை மதிப்பீட்டாளர்கள் சொல்வார்கள், நீதிபதி அதை அப்படியே ஏற்க வேண்டும் என்றிருந்த நில எடுப்புச் சட்டத்தின் 40டி பிரிவு செல்லாது, நீதி அதிகாரம் நீதிபதியிடம்தான் இருக்க வேண்டும் என்றது கூட்டரசு நீதிமன்றம். நிலத்துக்காகச் சொன்ன அந்த வார்த்தைதான் ஒன்பது மாதம் கழித்து, சிவில் நீதிமன்றமே விசாரிக்கலாம் என்று ஒரு தாய்க்குக் கைகொடுத்தது. இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் நீதிபதி சைனுன் அலி.

நாடாளுமன்றத்துக்கு மேலே நீதிபதிகளா என்று நீ கேட்டிருந்தாய். அரசியலமைப்பை நாடாளுமன்றம் எந்த அளவுக்குத் திருத்தலாம் என்று இந்தியாவில் 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் 7-6 என்று பிரிந்து நின்ற கேள்வி அது, இங்கேயும் பிறகு வந்த வழக்குகளில் நீதிபதிகள் ஒத்துப்போகவில்லை. என் மனம் அந்த அம்மா பக்கம்தான். தீர்ப்பு வந்த அன்றும் கடைசி மகள் அவரிடம் இல்லை, அதை எண்ணும்போது நெஞ்சு அடைக்கிறது.

தீபாவளிக்குக் கட்டாயம் வா, லெபோ லைட்டில் உயர் நீதிமன்றம் வரைக்கும் நடக்கலாம். செமினி ஜெயா தீர்ப்பின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், 40டி வரும் பக்கத்தை மடித்திருக்கிறேன், முதலில் அதைப் படி.

அன்புடன்,
மணியம்