14 பேர் இருக்கிறார்களா?

அன்புள்ள ராமசாமி,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நீ பேச எழுந்ததும் மைக்கை அணைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்த இடத்தை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மன்னித்துக்கொள், சிரித்துவிட்டோம். ரசீதுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி நீயே உண்டாக்கிய சங்கம்! இப்போது அதை விட்டு விலகி வேறொரு சங்கம் தொடங்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்கிறாய்.

எனக்குச் சட்டென்று இஸ்ரேல் பிரதமராக இருந்த ஏரியல் ஷரோன்தான் நினைவுக்கு வந்தார். கோபித்துக்கொள்ளாதே. அந்த மனிதரை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. 1982-இல் பெய்ரூட்டின் சப்ரா, ஷட்டிலா முகாம்களில் நடந்த படுகொலையின் பழியால் பாதுகாப்பு அமைச்சர் பதவியை இழந்தவர். ஆனால் 2005 நவம்பரில், மழைக்கு ஒதுங்கி நூலக வாசலில் நின்றபடி நாம் இருவரும் அவருடைய கணக்கைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினோம்!

அவருக்கும் மைக்கை அணைத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில், டெல் அவிவில் லிக்குட் கட்சியின் மத்தியக் குழுக் கூட்டம். 1973-இல் அந்தக் கட்சி உருவாக முன்னின்று உழைத்தவர், நாட்டின் பிரதமர், பேச வந்தால் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. பேசாமலே போய்விட்டார். காசாவிலிருந்த 21 யூதக் குடியிருப்புகளையும் ஆகஸ்டில் காலி செய்திருந்தார் அல்லவா, அந்தக் கோபம். மறுநாள், கட்சித் தலைமைத் தேர்தலை முன்கூட்டியே நடத்தலாமா என்று வாக்கெடுப்பு. நடத்த வேண்டும் என்று கட்சிக்குள் அவருடைய போட்டியாளர் நெதன்யாகு ஒருபுறம், வேண்டாம் என்று ஷரோன் மறுபுறம். 1,433-க்கு 1,329 என்று ஷரோன் தப்பித்தார். வித்தியாசம் 104.

ஜெயித்தவர் ஏன் வெளியேற வேண்டும் என்று நீ அன்று கேட்டாய். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. பிறகு யோசித்தபோதுதான் புரிந்தது. நாட்டில் அவருக்குச் செல்வாக்கு இருந்தது. கட்சியின் மத்தியக் குழுவில்தான் இல்லை. தலைவர் பதவியை மீண்டும் பிடித்தாலும், வேட்பாளர் பட்டியலைத் தேர்ந்தெடுப்பது அதே மத்தியக் குழு. முதல் பெயர் அவருடையதாக இருக்கும். அதற்குக் கீழே இருப்பவர்களில் பாதிப்பேர் அவரைக் கவிழ்க்கக் காத்திருப்பவர்கள். நவம்பர் தொடக்கத்தில் அவர் முன்மொழிந்த இரண்டு அமைச்சர்களை நாடாளுமன்றம் நிராகரித்தபோது, எதிர்த்து வாக்களித்தவர்களில் சொந்தக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். இரண்டே நாளில், கூட்டணியில் இருந்த தொழிற்கட்சியின் தலைமைத் தேர்தலில் ஷிமோன் பெரஸ் தோற்று, அமிர் பெரெட்ஸ் தலைவராகி, கூட்டணியை விட்டு வெளியேறப் போவதாகச் சொல்லிவிட்டார். ஓராண்டு கழித்து வரவேண்டிய தேர்தல் அப்போதே வாசலில் வந்து நின்றுவிட்டது.

நவம்பர் 21-இல் ஷரோன் விலகினார், அவையைக் கலைக்கும்படி குடியரசுத் தலைவரிடம் கேட்டார். புதுக் கட்சிக்குப் பெயர் கடிமா. 'முன்னே' என்று பொருள். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்: கட்சியைப் பிளந்து தனி அணியாக அங்கீகாரமும் அரசு நிதியும் பெற, அதன் நாடாளுமன்ற உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வேண்டும். லிக்குட்டுக்கு 40 பேர். ஷரோனையும் சேர்த்து வந்தவர்கள் 14. ஒருவர் குறைந்திருந்தால் கதை வேறு. (நம் கட்சித்தாவல் சட்டத்திலும் 2003 வரை இதே மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. அதை வைத்து இங்கே என்னென்ன கூத்து நடந்தது!)

இந்தக் கணக்கு அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. 1977-லேயே தனிக்கட்சி தொடங்கி இரண்டே இடம் பிடித்து, தேர்தல் முடிந்ததும் லிக்குட்டில் போய்ச் சேர்ந்தவர் அவர். அதை மறந்திருக்கமாட்டார்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. கருத்துக்கணிப்புகள் 40 இடங்கள் வரை சொல்லின. டிசம்பர் 18-இல் இலேசான பக்கவாதம். தேறி வந்தார். ஜனவரி 4 இரவு மூளையில் இரத்தக்கசிவு. அதன்பின் அவர் நினைவு திரும்பவே இல்லை. எட்டு ஆண்டுகள் அப்படியே கிடந்து 2014 ஜனவரியில் இறந்தார். 2006 மார்ச் 28 தேர்தலில் எஹுட் ஓல்மெர்ட் தலைமையில் கடிமா 29 இடங்களில் வென்றது, லிக்குட் 12-க்குச் சரிந்தது. ஆனால் 2013-இல் கடிமாவுக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். 1977-இல் அவருக்குக் கிடைத்த அதே இரண்டு!

ஆகவே உன்னிடம் கேட்பது ஒன்றுதான். உன் சங்கத்தில் எத்தனை வீடுகள், அவற்றில் உன்னோடு வெளியே வருபவர்கள் எத்தனை? பெயர்களைத் தாளில் எழுது. தேநீர் குடிக்கும்போது தலையாட்டியவர்களைச் சேர்க்காதே. எண்ணிப் பார்த்துவிட்டு எனக்கு அனுப்பு, அதன் பிறகு ராஜினாமாவைப் பற்றிப் பேசுவோம்.

இன்னொன்று. நீ இரண்டு வாரமாக இரத்த அழுத்த மாத்திரை போடுவதில்லை என்று உன் மகள் தொலைபேசியில் சொன்னாள். தை பிறந்ததும் நான் அங்கு வருகிறேன். வந்ததும் முதலில் மாத்திரை அட்டையைத்தான் எண்ணிப் பார்ப்பேன்.

அன்புடன்,
கோபாலன்