அம்மியில் அரைத்த சிவப்பு

அன்புள்ள மகளுக்கு,

உன் இசைக்கும் படத்துக்கும் என்று நீ கேட்ட வன்னி மண்ணை அனுப்ப முடியாது பிள்ளை. பார்சல் போடுகிற இடத்தில் விசாரித்தேன், அனுமதிப் பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு மண்ணைக் கனடாவுக்குள் விடமாட்டார்களாம். சரி, அதற்குப் பதிலாக வட்ஸ்அப்பில் மூன்று ஒலிப்பதிவு அனுப்பியிருக்கிறேன். அவற்றைக் கேட்க முதல் இதை வாசி.

முதல் பதிவு சிவப்பு மண். இரணைமடுப் பக்கம் போன சித்தப்பா ஒரு உரப்பையில் சிவப்புக் கிரவல் கொண்டு வந்து தந்தார். வெயிலில் காயவைத்து, அரித்து, பெரிய கல்லையெல்லாம் பொறுக்கிவிட்டு அம்மியில் போட்டேன். எந்த அம்மி என்று உனக்குத் தெரியும். முகாமில் இருந்து திரும்பி வந்த அன்று வீட்டுக்குக் கூரையும் இல்லை கதவும் இல்லை, பற்றைக்குள் அது மட்டும் விட்ட இடத்திலேயே கிடந்தது. தண்ணீர் தெளித்து இழுக்கத் தொடங்கினால் முதலில் கறகறவென்று பல்லைக் கூச வைக்கிற சத்தம். போகப் போக அது சரசரப்பாகி, குழவி எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவுக்குச் சத்தமும் நீண்டு நீண்டு வந்தது. முக்கால் மணித்தியாலம் அரைத்திருப்பேன். பிறகு கரகரப்பு நின்றுவிட்டது, ஈரத்தில் கல் வழுக்குகிற ஒலி மட்டும். விரலால் வழித்துப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி. கறிக்குக் கூட்டு அரைக்கும்போது பதம் பார்ப்பது போலத்தான், சாயம் பதமாகிவிட்டது என்று எனக்குக் காதுதான் சொன்னது.

இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன கிழமை கதைக்கும்போது எந்த நிறத்துக்கு எந்த ஒலி என்று நீ ஒரு அட்டவணை வாசித்தாய்: சிவப்புக்குக் கீழ்ஸ்தாயி ஷட்ஜம், கறுப்புக்கு மத்தளத்தின் தொப்பிப் பக்கம், வெள்ளைக்குப் புல்லாங்குழல் என்று. எனக்கு அது மனதில் ஒட்டவில்லை. மண்ணைக் கையில் எடுக்க முதலே அதற்குச் சுரம் குறித்துவிட்டால் அது தன் பாட்டை எப்போது பாடும்? நீ சொன்ன அந்த லித்துவேனியாக்காரர் சியுர்லியோனிஸ், கடலுக்கு இசை எழுதி முடித்த பிறகுதானே 1908 இல் கடலை மூன்று படங்களாக வரைந்து, இசைக்கு வைக்கிற பெயர்களையே அவற்றுக்கும் வைத்தார். 35 வயதிலேயே போய்விட்டார், பாவம். அந்த மனிதர் தூரிகை எடுக்க முதல் எத்தனை நாள் கரையில் நின்று கேட்டிருப்பார் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது பதிவு பனங்கொட்டை ஊமல் கரி, அப்பம்மா பல் விளக்கிய அதே கரி. உடைக்கும்போது கிண்ணென்கிறது, அரைக்கும்போது முனகல் கூட இல்லை. மூன்றாவது கொக்கிளாய்க் கரையில் அள்ளின கறுப்பு மணல். அது அம்மிக்கு மசியவே இல்லை, கடைசி வரை சீறிக்கொண்டே இருந்தது. அதில் உள்ள இல்மனைட் என்ற கனிமத்தில் இருந்துதான் தொழிற்சாலைகளில் டைட்டேனியம் வெள்ளை எடுக்கிறார்கள், நீ அங்கே டியூபில் பிதுக்குகிறாயே அந்த வெள்ளை. உன் அட்டவணையில் கறுப்புக்கு நேரே 'துயரம்' என்று எழுதியிருந்தாய். இந்த மணலை என்ன செய்வாய்?

வன்னி என்றாலே கறுப்பும் சிவப்பும் எடுத்துக்கொண்டு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். 2009 ஐ விட்டுவிட்டு வரை என்று சொல்லவில்லை, அது எனக்கு ஒரு நாளும் விட்டுப் போகாது. ஆனால் இந்தச் சிவப்பு அதற்கு முதலும் சிவப்புத்தான் மகள். கிரவல் றோட்டில் சைக்கிள் ஓடிப் பள்ளிக்கூடம் போய் வருவாய், வெள்ளைச் சட்டை முதுகெல்லாம் செம்புழுதி, கிணற்றடியில் நின்று தோய்த்துத் தோய்த்து என் கை ஓய்ந்துபோகும். அந்தச் சிவப்புக்கும் உன் இசையில் ஒரு இடம் வேண்டும்.

அரைத்ததெல்லாம் மூன்று போத்தலில் குசினி அலுமாரியில் இருக்கிறது. பின்வளவு விளாமரத்தில் பிசின் வடிந்து நிற்கிறது, ஒரு இரவு ஊறவைத்துச் சாயத்தோடு குழைத்தால் தாளில் நன்றாகப் பிடிக்கும். கண்டிப் பக்கத்துப் பழைய விகாரைச் சுவர்ப் படங்களுக்கும் விளாம்பிசின்தான் சேர்த்தார்கள். இசையை அங்கே இருந்து எழுது. படத்தை இங்கே வந்து வரை. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்தாயென்றால் கடல் தண்ணீரில் அம்மனுக்கு விளக்கெரிகிறதையும் பார்க்கலாம், பறை அடிக்கிறதையும் பக்கத்தில் நின்று கேட்கலாம். லீவு கேட்டுப் பார்.

முதல் பதிவின் கடைசியில், அரைக்கிற சத்தம் அடங்கின பிறகு, வயலால் வந்த அப்பா சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு "என்னப்பா அரைக்கிறீர்?" என்று கேட்கிறது பதிவாகியிருக்கு. அதை வெட்டி எறிந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா