படிப்பகத்துக்கு நான் அனுப்பும் புத்தகங்கள்

தஞ்சாவூர்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. திண்ணையை அடைத்து அலமாரி போட்டு, உங்கள் அப்பா பேரில் படிப்பகம் தொடங்கப் போகிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நீ சும்மா உட்கார மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்குத் தை மாதம் பிரசவம். இத்தனை வருஷம் செவிலியாக ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பிரசவம் பார்த்துவிட்டு, சொந்த மகளுக்கென்றதும் நெஞ்சு படபடக்கிறது.

உடம்பு, சமூகம், மனசு மூன்றுக்கும் புத்தகம் சொல் என்று கேட்டிருந்தாய். யாரெல்லாம் வருவார்கள் என்றும் எழுதியிருந்தாய்: நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், பத்தாவது முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாத பையன்கள், பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்க வீட்டில் தனியாகக் கிடக்கும் பெரியவர்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் என்னால் தேர்ந்தெடுத்திருக்கவே முடியாது. ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது, படிக்கிறவரை அது நம்புகிறதா என்பதைத்தான். உனக்கு ஒன்றும் தெரியாது, நான் சொல்வதைக் கேள் என்கிற புத்தகத்தை, எவ்வளவு பெரிய டாக்டர் எழுதியிருந்தாலும், அந்தத் திண்ணைக்கு அனுப்ப எனக்கு மனம் வராது.

முதலில் டேவிட் வெர்னர் எழுதிய ‘டாக்டர் இல்லாத இடத்தில்’. அவர் மருத்துவர் அல்ல, உயிரியல் படித்த ஆசிரியர். தசைகள் பலவீனமாகும் பரம்பரை நோய் உள்ளவர். 1960களில் மெக்சிகோவின் மேற்கு மலைப்பகுதிக்குப் போனார். அஹோயா என்ற கிராமத்தை மையமாக வைத்து, அங்கிருந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கினார். அவர்களுக்காக ஸ்பானிய மொழியில் எழுதியதுதான் இந்தப் புத்தகம். 1977இல் ஆங்கிலத்தில் வந்து, பிறகு உலக மொழிகள் பலவற்றுக்கும் போனது, தமிழுக்கும் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் கோட்டோவியம் இருப்பதால் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் புரியும்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வயிற்றுப்போக்கு பற்றியது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வீட்டிலேயே செய்யச் சொல்லிக்கொடுக்கும்போது, சர்க்கரை போடுவதற்கு முன்னால் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார், கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது என்கிறார். கமலா, கண்ணீரின் கரிப்பு தெரியாத தாய் உண்டா? உப்பு கூடிப்போனால் குழந்தைக்கு ஆபத்து. அதைக் கண்டுபிடிக்கும் கருவி அவள் நாக்கிலேயே இருக்கிறது என்று ஒரு மனுஷனுக்குத் தோன்றியிருக்கிறதே!

நான் வேலை பார்த்த ஊர்களில், தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று பயந்து குழந்தையைக் காயப்போடுவார்கள். ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைத் தூள் பாக்கெட் கொடுத்தால், அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து டம்ளரில் கரைத்துவிட்டு மீதியை மடித்து வைப்பார்கள். குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டு, அது உடனே விரியாமல் மடிந்தே நிற்பதை, உடம்பில் நீர் வற்றியதன் அடையாளத்தை, அந்த அம்மாவையே பார்க்க வைப்பேன். பிறகு அவள் கையாலேயே பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கொட்டச் சொல்லுவேன். கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, வயிற்றுப்போக்கு நின்றாலும் துத்தநாக மாத்திரையை 14 நாளும் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வருவேன். மறுமுறை போகும்போது அந்த அம்மா பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். நீ படிப்பகத்தில் இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டு: பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீர், தட்டையாக அளந்த ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஒன்று மட்டும் கவனம். பழைய அச்சுப் பிரதி கிடைத்தால் அதிலுள்ள மருந்து அளவுகளை யாரும் அப்படியே பின்பற்ற வேண்டாம். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கச் சொல்.

அடுத்தது பெரியவர்களுக்காக. அதுல் கவாண்டே என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 2014இல் எழுதிய ‘பீயிங் மார்ட்டல்’. நான் ஆங்கிலத்தில்தான் படித்தேன், மெதுவாக, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அவருடைய அப்பா வழித் தாத்தா மகாராஷ்டிரத்துக் கிராமத்தில் ஏறக்குறைய 110 வயது வரை வாழ்ந்தவர். குடும்பமே சூழ்ந்திருந்த அந்த முதுமையையும், அமெரிக்க முதியோர் இல்லங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். அதற்காக நம் கூட்டுக்குடும்பத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. அந்த ஏற்பாட்டில் இளையவர்கள் பட்ட பாட்டையும் எழுதுகிறார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

அந்தப் புத்தகத்தில் வரும் ஓர் இடம், நியூயார்க் மாநிலத்தில் நியூ பெர்லின் என்ற சிற்றூர். அங்குள்ள முதியோர் இல்லத்துக்கு பில் தாமஸ் என்ற இளம் மருத்துவர் வருகிறார். வேளாவேளைக்கு மருந்தும் சாப்பாடும் கிடைக்கிறது, ஆனாலும் எல்லோரும் வாடிக் கிடக்கிறார்கள். இரண்டு நாய், நான்கு பூனை, நூறு கிளி வேண்டும் என்று அடம்பிடித்து அனுமதி வாங்குகிறார். கிளிகள் வந்து இறங்கிய நேரத்தில் கூண்டுகள் வந்து சேரவில்லை. கொண்டுவந்த ஆள் தரைத்தளத்தில் இருந்த முடிதிருத்தும் அறைக்குள் நூறையும் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான். கூண்டுகளோ பிரித்துக் கட்டிய பெட்டிகளாக வந்தன. ஊழியர்கள் அவற்றைப் பூட்டிக் கிளிகளைப் பிடிக்க ஓடுவதைக் கண்ணாடி வழியே பார்த்துப் பெரியவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். பேச்சே நின்றுபோனதாக நினைத்திருந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள், எழுந்து நடக்காதவர்கள் நாயை நடத்திப்போக வந்தார்கள். மருந்துச் செலவு குறைந்தது, இறப்பும் குறைந்தது என்று எழுதுகிறார். இன்னொரு உயிருக்குத் தான் தேவை என்று ஆனபோது அவர்களுக்கு எழுந்திருக்கக் காரணம் கிடைத்தது. இந்த அத்தியாயத்தை நீயே தமிழில் சொல்லிக்காட்டு. உன் குரலில் கேட்டால் மேலத்தெருப் பெரியவர்கள் விடமாட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் நினைவுக்கு வந்தது. உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான் என்று நான்கு கூறு. நோயாளியை முதலில் வைத்தார், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவரையும் மருத்துவத்தின் ஒரு பங்காகவே எண்ணினார். செவிலியாக இருந்த எனக்கு இது எவ்வளவு பெரிய மரியாதை!

சமூகத்துக்கு அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ கட்டாயம். 1936இல் லாகூரில் பேச அழைத்தவர்கள், எழுதி அனுப்பிய உரையைப் பார்த்துவிட்டு மாநாட்டையே கைவிட்டார்கள். அவர் அதைச் சொந்தச் செலவில் 1500 பிரதி அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்தது. சீக்கிரமே தமிழுக்கும் வந்துவிட்டது. இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், இந்துக்கள்தான் இந்தியாவின் நோயாளிகள், அவர்கள் நோய் மற்றவர்களின் நலத்தையும் மகிழ்ச்சியையும் கெடுக்கிறது என்ற பொருளில் எழுதியிருப்பார். எந்தத் தெருவில் குழாய் கடைசியாக வருகிறதோ அந்தத் தெருவில்தான் நான் அதிகமாக ஓ.ஆர்.எஸ். கொடுத்தேன். அதனால் இந்தப் புத்தகத்தை உடல்நல அலமாரியிலும் ஒரு பிரதி வை. ஊரில் சிலர் முகம் சுளிப்பார்கள். நீ அசையாதே.

சுயமுன்னேற்றம் என்று பையன்கள் கேட்பார்கள். முப்பது நாளில் வெற்றி என்கிற ரகம் நிறையக் கிடைக்கிறது. நான் ஒன்றுகூட அனுப்பவில்லை. ஒரு பெண்ணின் கூலியைப் பிடித்து வைத்திருக்கிறான் முதலாளி, அவளைப் பார்த்து எண்ணத்தை மாற்றிக்கொள் என்பது அநியாயம். விக்டர் ஃபிராங்கல் எழுதிய ‘மேன்ஸ் சர்ச் ஃபார் மீனிங்’ நூலைப் படிக்கக் கொடு. வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர், யூதர். நாஜி முகாம்களில் பெற்றோரையும் மனைவியையும் இழந்தவர். கோட்டின் உட்புறம் மறைத்துக் கொண்டுபோன கையெழுத்துப் பிரதி ஆஷ்விட்ஸ் முகாமில் பறிபோனது. பின்னால் டைஃபஸ் காய்ச்சலில் கிடந்தபோது துண்டுத் தாள்களில் அதைத் திரும்பக் குறித்தார். எல்லாம் பறிபோனாலும் அதை எப்படி எதிர்கொள்வது என்பது நம்மிடம் இருக்கிறது என்பதே 1946இல் அவர் வெளியிட்ட நூலின் சாரம். ஆனால் தவிர்க்க முடிந்த துன்பத்தைப் பொறுத்துக்கொண்டிருப்பது வீரமல்ல, அதன் காரணத்தை நீக்கு என்றும் அதே நூலில் சொல்கிறார். பையன்களுக்கு இரண்டையும் சேர்த்துச் சொல். முதலாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

ஒரு யோசனை. 1931இல் உங்கள் மன்னார்குடிப் பக்கத்தில்தானே மாட்டுவண்டி நூலகம் ஊர் ஊராகப் போனது, நூலக அறிஞர் சீர்காழி ரங்கநாதன் வந்து தொடங்கிவைத்தாரே. வயலிலிருந்து திரும்பும் பெண்கள் உன் திண்ணைக்கு எப்போது வருவார்கள்? சனிக்கிழமை சாயங்காலம் சங்கக் கூட்டம் நடக்கும் இடத்துக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நீயே போ. இருபது நிமிஷம் உரக்கப் படி, மீதி நேரம் அவர்கள் பேசட்டும்.

பார்சலை ஞாயிற்றுக்கிழமை தம்பி பஸ்ஸில் கொண்டுவருவான். வெர்னர் மூன்று பிரதி வைத்திருக்கிறேன், ஒன்றை உங்கள் ஊர் அங்கன்வாடிக்குக் கொடு. மகளுக்குப் பிரசவம் ஆனதும் நான் வந்து ஒரு வாரம் தங்குகிறேன். இரும்புச்சத்து மாத்திரை, மாதவிடாய் பற்றியெல்லாம் பெண்கள் கேட்க நினைப்பதை இப்போதே ஒரு நோட்டில் எழுதி வாங்கி வை, பேர் போட வேண்டாம்.

என்றும் அன்புடன்,
சரோஜா