தோளையும் கொஞ்சம் பார்த்துக்கொள்

அன்புள்ள மீனாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடுகிற வீடியோவைப் பார்த்தோம். இரண்டு பேருக்கு நடுவே வண்டியைச் சட்டென்று திருப்பிப் பந்தைக் கூடையில் போட்டாயே, அப்பா அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கிறார். வருகிறவர் போகிறவர் யாரையும் விடுவதில்லை.

நான் பார்த்தது அதற்குப் பிறகு வருவதை. ஆட்டம் முடிந்து முடியை அள்ளிக் கட்டினாய். வலது கை தோளுக்கு மேலே எழவில்லை. தலையைக் குனிந்து கைக்குக் கொண்டுவந்தாய். போனில் கேட்டால் "ஒன்றுமில்லைம்மா" என்பாய். அதனால் கேட்கவில்லை.

மற்றவர்களுக்குத் தோள் வலித்தால் நாலு நாள் கையைத் தூக்காமல் இருந்துவிடலாம். உனக்குக் காலும் அதுதானே. கட்டிலிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து கழிப்பறைக்கு, எல்லாம் அந்த இரண்டு தோளை நம்பித்தான். பயிற்சி இல்லாத நாளிலும் அவற்றுக்கு லீவு கிடையாது. 2012 லண்டன் பாராலிம்பிக்கில் எடுத்த கணக்கிலும் அதிகம் அடிபட்ட இடம் தோள்பட்டைதான். அங்கே போனவர்களுக்காவது கூப்பிட்ட குரலுக்கு டாக்டர் இருந்திருப்பார். உங்கள் அணிக்கு ஐஸ் பைகூட நீங்கள் கொண்டுபோனால்தான் உண்டு.

அந்த வண்டியும் எனக்குப் பிடிக்கவில்லை. முன்பு ஆடிய பெண்ணின் அளவுக்குச் செய்தது, அவள் உன்னைவிட உயரமும் பருமனும். இருக்கை அகலமென்பதால் கைகளை விரித்துத் தள்ளுகிறாய், சக்கரம் எட்டுவதற்குத் தோளைச் சரிக்கிறாய். சக்கரத்தின் உச்சியில் கை வைத்தால் மேல்கைக்கும் முன்கைக்கும் நடுவே 100 முதல் 120 டிகிரி கோணம் இருக்கிற அளவுக்கு முழங்கை மடங்கியிருக்க வேண்டும் என்று பிசியோ படம் வரைந்து காட்டினாரே, அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. சும்மா கிடைத்த வண்டியை எப்படிக் குறை சொல்வது என்கிறாய். சொல்லத்தான் வேண்டும். வாய் இல்லாத பிள்ளையாக நான் உன்னை வளர்க்கவில்லை.

இருக்கையின் பக்கத்து இடைவெளியில் துணியைச் சுருட்டி அடைத்துக்கொள்ளாதே. அதன் மடிப்பு அழுத்தினாலும் உனக்குத் தெரியாது. ஆட்டம் முடிந்து வந்ததும், அழுத்திப் புண் வரப்போகிறதா என்று உட்காரும் இடத்துத் தோலைக் கண்ணாடி வைத்துப் பார். நம் நிறத்துக்குச் சிவப்புத் தெரியாது, அதனால் தொட்டுப் பார்: ஒரு இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால், அது சரியாகும் வரை அதன்மேல் பாரம் படக் கூடாது. தேர்வுப் போட்டியே இருந்தாலும் சரி. உட்கார்ந்திருக்கும்போது கால் மணிக்கு ஒருமுறை முன்னால் சாய்ந்து கொடு. கையை ஊன்றி உடம்பைத் தூக்காதே, அதுவும் தோளில்தான் போய் விழும்.

பார், எங்கே போனாலும் தோளுக்கே வருகிறேன். தள்ளுவதால் முன்பக்கத் தசை இறுகிப்போகும், முதுகுப்பக்கம் வலுவிழக்கும். ரப்பர் பட்டையைக் கதவில் கட்டிப் பின்னால் இழுக்கச் சொன்னார்களே, செய்கிறாயா? மாத்திரை போட்டுக்கொண்டு மட்டும் ஆடாதே. வலி அடங்கும், கிழிந்தது கிழிந்தபடியே இருக்கும்.

வலி என்று சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறாய். பயம் வீண் என்று சொல்லமாட்டேன், எடுத்துவிடத்தான் செய்வார்கள் சில பேர். பணம் இருக்கிற அணியில் வலி என்றால் சிகிச்சை, இல்லாத அணியில் வலி என்றால் பெஞ்ச். அதற்காக மறைத்து மறைத்து ஆடினால், ஒரு நாள் கட்டிலிலிருந்து இறங்கவே இன்னொருவரைக் கூப்பிட வேண்டி வரும். யார் உதவியும் இல்லாமல் தனியாக இருப்பேன் என்று என்னோடு சண்டை போட்டுப் போனவள் நீ. அந்தச் சண்டையில் நீ ஜெயித்ததில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உன்னிடம் சொன்னதில்லை.

கோச்சிடம் நீ பேசுகிறாயா, நான் பேசட்டுமா? நான் பேசினால் உனக்குக் கோபம் வரும், தெரியும். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுப்பேன்.

தம்பி உன் வண்டியின் அளவு கேட்கிறான். இருக்கை அகலம், ஆழம், உயரம், உன் இடுப்பு அகலம், நாலையும் அளந்து அனுப்பு. அளக்க யாரையாவது கூப்பிட்டுக்கொள். நீயே எட்டி எட்டி அளக்காதே.

அன்புடன்,
அம்மா